ஃப்ளாட்டில் வாசிக்க ஒரு கிட்டார் ஆம்ப்: புதிதாக வாங்குபவர்களுக்கு

நான் முதலில் வாங்கிய ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) செகண்ட் ஹேண்ட். 40 வாட், வால்வ் (கண்ணாடி வெற்றிடக் குழாய்) வைத்த ஆம்ப், 12 இன்ச் ஸ்பீக்கர். வாங்கிய கடையில் அது பாடியது இன்னும் காதில் இருக்கிறது. மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கொண்டுவந்து ஹாலில் வைத்தேன். வால்யூம் குமிழை 1-க்குக் கீழே வைத்தால் சத்தமே வராது. மயிரிழை மேலே திருப்பினால் ஷோகேஸ் கண்ணாடி அதிரும். ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்குக் கீழ் வீட்டு அக்கா மேலே வந்து, "தம்பி, பையனுக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கோபம்கூட இல்லை. அந்த ஆம்ப் எந்தச் சத்தத்தில் இனிமையாக ஒலிக்குமோ அந்தச் சத்தத்தில் அதை என் வீட்டில் ஒரு நாளும் வாசிக்க முடியாது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிவிட்டு, அடுத்து என்ன ஆம்ப் வாங்கலாம் என்று தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போன வரிசையில் போகாமல், போயிருக்க வேண்டிய வரிசையில்.

படி 1: முதலில் வீட்டின் சத்தத்தை அளந்து பாருங்கள்

போனில் இலவசமாகக் கிடைக்கும் சவுண்ட் மீட்டர் ஆப் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். துல்லியமாக இருக்காது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். ஒரு மீட்டர் தூரத்தில் இருவர் சாதாரணமாகப் பேசினால் சுமார் 60 டெசிபல் வரும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு என்பது பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை. அது தெருவின் மொத்தச் சத்தத்துக்கான கணக்கு என்றாலும், அக்கம்பக்கத்தார் எதைத் தாங்குவார்கள் என்பதற்கு நல்ல அளவுகோல். நீங்கள் வாசிக்கப்போவது பேச்சுச் சத்தத்தை ஒட்டி, கொஞ்சம் மேலே. இதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். மீதிப் படிகள் எல்லாம் இந்த ஒன்றில்தான் நிற்கின்றன.

கிட்டாரின் தடித்த ஆறாவது கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. மெல்லிய கம்பிகளின் ஒலியைச் சுவரும் கதவும் ஓரளவு தடுத்துவிடும். தடித்த கம்பியின் அதிர்வோ தரை வழியாக கான்கிரீட்டில் இறங்கிக் கீழ் வீட்டு சீலிங்கில் போய்ப் பேசும். புகார் பெரும்பாலும் பக்கத்து வீட்டிலிருந்து வராமல் கீழ் வீட்டிலிருந்து வருவதற்குக் காரணம் இதுதான்.

படி 2: எந்தக் கிட்டார், என்ன இசை?

உங்களிடம் இருப்பது பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்) வைத்த அகூஸ்டிக் கிட்டார் என்றால் சாதாரண எலெக்ட்ரிக் ஆம்ப் ஏமாற்றும். எலெக்ட்ரிக் ஆம்பின் ஸ்பீக்கர் மேல் ஸ்தாயியை வேண்டுமென்றே வெட்டிவிடும். அகூஸ்டிக்கின் பளிச்சென்ற ஓசை அதில் போர்வை போர்த்தியதுபோல் வரும். அகூஸ்டிக்குக்கென்று தனி மோட் உள்ள ஆம்பாகப் பாருங்கள். பாஸ் (Boss) கம்பெனியின் கட்டானாவிலும் யமஹாவின் டிஹெச்ஆர் (THR) வரிசையிலும் அது உண்டு.

எலெக்ட்ரிக் என்றால் மூன்று ஓசை வேண்டும்: ரிவெர்ப் (பெரிய அறையில் கேட்பது போன்ற எதிரொலி) சேர்த்த சுத்தமான க்ளீன், லேசாக உடைந்த க்ரஞ்ச், கனமான டிஸ்டார்ஷன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பவருக்கு முதலாவது, ப்ளூஸ் பிடித்தவருக்கு இரண்டாவது, மெட்டல் வாசிப்பவருக்கு மூன்றாவது. இந்த மூன்றும் குறைந்த சத்தத்தில் நன்றாக வந்தால் அது எதற்கும் ஈடுகொடுக்கும் ஆம்ப். எழுபது எஃபெக்ட் இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

படி 3: வாட் கணக்கு

பலரும் தவறுவது இங்கேதான். 10 வாட்டைவிட 20 வாட் இரண்டு மடங்கு சத்தம் என்று நினைக்கிறோம். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. அதாவது 50 வாட் ஆம்ப் என்பது 5 வாட் ஆம்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம்தான்.

இதையே திருப்பிப் பாருங்கள். நல்ல 12 இன்ச் கிட்டார் ஸ்பீக்கர் ஒன்று, ஒரே ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 97 டெசிபல் அளவுக்குக் கத்தும். நமக்கு வேண்டியது 60, 65. ஒரு வாட்டே நமக்கு அதிகம்! "வீட்டுக்குத்தானே, 1 வாட் வால்வ் ஆம்ப் போதும்" என்று வாங்கியவர்கள் தவிப்பதும் இதனால்தான்.

ஆகவே வாட் எண்ணை வைத்து முடிவெடுக்க முடியாது, 5 முதல் 25 வாட் வரை எதுவானாலும் சரி. சத்தத்தை எவ்வளவு நுணுக்கமாகக் குறைக்க முடிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கெயினுக்கு (ஓசை எவ்வளவு உடைய வேண்டும் என்பதற்கு) ஒரு குமிழ், கடைசிச் சத்தத்துக்கு மாஸ்டர் என்று தனியாக ஒரு குமிழ் கட்டாயம் இருக்கட்டும். கட்டானா 50-இல் 50 வாட், 25 வாட், அரை வாட் என்று மாற்ற ஒரு ஸ்விட்ச் உண்டு. வீட்டில் அரை வாட்டில் வைத்துவிட்டு, கச்சேரி அன்றைக்கு 50-க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

படி 4: வால்வா, சாலிட் ஸ்டேட்டா, மாடலிங்கா?

வால்வ் ஆம்பின் அழகு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் முடிவெடுப்பது எளிது. ஜிம் மார்ஷல் 1962-இல் லண்டனில் செய்யத் தொடங்கிய ஆம்புகளாகட்டும், அதற்கு முன்பே வந்த வாக்ஸ், ஃபெண்டர் ஆம்புகளாகட்டும், அவற்றில் நாம் விரும்பும் அந்தப் பிளிறல் கடைசிக் கட்ட வால்வுகள் மூச்சு முட்டும்போதுதான் பிறக்கிறது. மூச்சு முட்ட வேண்டுமென்றால் வால்யூமை ஏற்றியாக வேண்டும். மேடையில் அது வரம். ஃப்ளாட்டில் அந்த வால்வுகளை நாம் எழுப்புவதே இல்லை. நடுவில் அட்டெனுவேட்டர் என்ற பெட்டியை மாட்டிச் சத்தத்தை இறக்கலாம்தான், ஆனால் அது இன்னொரு செலவு. இன்னொன்று, வால்வ் ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டினால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடக்கூடும். புதியவர் கையில் இந்த ஆபத்து வேண்டாம்.

சாலிட் ஸ்டேட், அதாவது வால்வுக்குப் பதில் ட்ரான்சிஸ்டர் வைத்தது, எளிமையானது. நாலைந்து குமிழ், மெனு கிடையாது, வருஷக்கணக்கில் உழைக்கும். ஆரஞ்ச் க்ரஷ் 20 இந்த வகையில் எனக்குப் பிடித்தது. திரையும் ஆப்பும் இருந்தால் வாசிப்பதை விட்டுவிட்டு நோண்டிக்கொண்டே இருப்பேன் என்பவருக்கு இதைத்தான் சொல்வேன்.

மாடலிங் ஆம்ப், வால்வுகளின் அந்த மூச்சு முட்டலை டிஜிட்டலாகக் கணக்குப் போட்டு உள்ளேயே உண்டாக்கிவிடுகிறது. அதனால் வால்யூம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் டிஸ்டார்ஷனின் தன்மை மாறாது. முதல் ஆம்ப், ஃப்ளாட் வீடு, பலவித இசை என்றால் என் பதில் தயங்காமல் மாடலிங்தான்.

படி 5: ஸ்பீக்கரும் காதும்

1933-இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மனிதக் காதைப் பற்றி ஒரு விஷயத்தை வரைபடமாகப் போட்டுக் காட்டினார்கள். சத்தம் குறையக் குறைய, கீழ் ஸ்தாயியும் உச்ச ஸ்தாயியும் நம் காதுக்கு முதலில் மங்கிவிடும். கடையில் கொழுகொழுவென்று இருந்த ஓசை வீட்டில் மெலிந்து கேட்பது ஆம்பின் குறை இல்லை, நம் காதின் அமைப்பு அப்படி.

பேஸ் குமிழைக் கூட்டினால் சரியாகும் என்று தோன்றும். கூட்டினால் கீழ் வீட்டுக்குத்தான் போகும். நல்ல வழி, ஆம்பைப் பக்கத்தில் கொண்டுவருவது. மேசை உயரத்தில், காதைப் பார்த்தபடி, ஒரு மீட்டருக்குள். இப்படி வைத்தால் பாதிச் சத்தமே போதும்.

இந்த யோசனையை ஒட்டியே ஒரு வகை ஆம்ப் வந்தது. யமஹா 2011-இல் கொண்டுவந்த டிஹெச்ஆர், பார்க்க ரேடியோப் பெட்டி மாதிரி இருக்கும். சின்ன ஸ்பீக்கர் இரண்டு, ஸ்டீரியோ. பாட்டுக் கேட்கவும் நன்றாக இருக்கும். படிக்கும் மேசையில் வைத்து வாசிக்க இதைப்போல் இல்லை. நாளை நண்பர்களோடு ட்ரம்ஸ் வைத்து வாசிக்கப் போகிறீர்கள் என்றால் 12 இன்ச் உள்ள கட்டானா 50 பக்கம் போங்கள். இரண்டுக்கும் நடுவே 8 இன்ச் ஸ்பீக்கர் கொண்ட ஃபெண்டர் மஸ்டாங் எல்டி25 இருக்கிறது. 25 வாட், சின்ன கலர் திரை, தூக்க எளிது.

படி 6: பின்பக்கம் பாருங்கள்

ஹெட்போன் ஜாக் இல்லாத ஆம்பை ஃப்ளாட்டுக்கு வாங்காதீர்கள். ராத்திரி பத்துக்கு மேல் அதுதான் கைகொடுக்கும். ஒயர் உள்ள ஹெட்போனே வேண்டும். ப்ளூடூத் ஹெட்போனில் கம்பியைத் தட்டிய பிறகு ஒரு கணம் தாமதித்து ஓசை வரும், தாளம் கெட்டுப்போகும். போனிலிருந்து பாட்டை ஆம்புக்கு அனுப்ப ப்ளூடூத் இருந்தால் நல்லது, அதில் தாமதம் ஒன்றும் செய்யாது. கூடவே வாசித்துப் பழகலாம். யுஎஸ்பி இருந்தால் கம்ப்யூட்டரில் நேரடியாகப் பதிவு செய்யலாம்.

படி 7: கரண்ட் விஷயம்

அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் ஆம்ப் வாங்கிவரச் சொல்பவர்கள் கவனியுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. பின்பக்க லேபிளில் 120 மட்டும் போட்டிருந்தால் நேராகச் சொருகக் கூடாது. மூன்று பின் ப்ளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கம்பியைத் தொட்டபடி நிற்கப்போவது நீங்கள்.

புதிதாக வாங்கிய ஆம்ப் "ங்ங்ங்" என்று இரைகிறது என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். சிங்கிள் காயில் (ஒரே கம்பிச்சுருள்) பிக்கப் உள்ள கிட்டாரோடு நாற்காலியில் உட்கார்ந்தபடி மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஒரு திசையில் இரைச்சல் கூடும், இன்னொன்றில் அடங்கும். அப்படியென்றால் ஆம்ப் சரியாகத்தான் இருக்கிறது, அறையில் உள்ள ஏதோ ஒன்றின் மின்காந்த இரைச்சலை பிக்கப் பிடிக்கிறது. எங்கள் வீட்டில் அது ஃபேன் ரெகுலேட்டர். ஃபேனை இரண்டில் வைத்தால் இரையும், முழு வேகத்தில் வைத்தால் நின்றுவிடும். இந்த இரைச்சலை ஒழிக்கத்தான் 1955 வாக்கில் கிப்ஸனில் சேத் லவர் இரண்டு காயில் கொண்ட ஹம்பக்கர் பிக்கப்பை உருவாக்கினார். உங்கள் கிட்டாரில் ஹம்பக்கர் இருந்தால் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

படி 8: கடையில் சோதிப்பது

உங்கள் கிட்டாரையும் கேபிளையும் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் ஆசையோடு வால்யூமை ஏற்றித்தான் காட்டுவார். "அண்ணா, கொஞ்சம் குறைச்சு வைங்க, வீட்டுல வாசிக்கிற மாதிரி கேக்கணும்" என்று சொல்லுங்கள். கூட வந்தவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிற அளவுக்கு இறக்குங்கள். சத்தம் ஏறினால் எந்த ஆம்பும் நன்றாகத்தான் தோன்றும், அதனால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு க்ளீனில் ஆரம்பியுங்கள். ஆறாவது கம்பியைத் தனியாகத் தட்டிக் கேளுங்கள், ஒலி கொழகொழக்கிறதா, தெளிவாக நிற்கிறதா? பிறகு மாஸ்டர் குமிழைப் பூஜ்யத்திலிருந்து மிக மெதுவாகத் திருப்புங்கள். சத்தம் படிப்படியாக ஏற வேண்டும். ஓரிடத்தில் திடீரென்று தாவினால் அந்த ஆம்பை வைத்துவிடுங்கள், என் 40 வாட் ஆம்பின் கதைதான் உங்களுக்கும். அடுத்து க்ரஞ்ச் ஓசையில் வைத்து, கிட்டாரில் உள்ள வால்யூமை 10-இலிருந்து 5-க்கு இறக்குங்கள். நல்ல ஆம்பில் ஓசை தானாகச் சுத்தமாகும். கடைசியாகக் கெயினை ஏற்றிவிட்டுக் கையை எடுங்கள். ‘உஸ்’ஸென்ற இரைச்சல் எவ்வளவு என்று கேளுங்கள், குறைந்த சத்தத்தில் அது பாட்டோடு போட்டி போடும். கால் மணி நேரமாவது வாசியுங்கள்.

படி 9: வீட்டில் வைப்பது

தரையில் நேரடியாக வைக்க வேண்டாம். உறுதியான ஸ்டூல் அல்லது மேசை, அதன் மேல் இரண்டு இன்ச் தடிமனான அடர்த்தியான ஃபோம், அதன் மேல் ஆம்ப். மூலையிலும் சுவரை ஒட்டியும் வைத்தால் பேஸ் பெருகும், ஓரடியாவது தள்ளி வையுங்கள். பேஸ் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கிவிடுங்கள்.

பிறகு வீட்டில் யாரையாவது ஆறாவது கம்பியை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பத் தட்டச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வராண்டாவில் போய் நில்லுங்கள். அப்படியே ஒரு மாடி கீழே இறங்கிக் கீழ் வீட்டில் அனுமதி கேட்டு, அவர்கள் ஹாலில் இரண்டு நிமிஷம் நின்று கேளுங்கள். நான் அந்த அக்கா வீட்டில் அப்படி நின்றேன். அவர் பையன் சீலிங்கைப் பார்த்து, "இப்ப கேக்குது, இப்ப கேக்கல" என்று சொல்லச் சொல்ல, மேலே என் மனைவி போனில் கேட்டபடி குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவன் "கேக்கல" என்ற இடத்தில் குமிழுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினாள். சிவப்புப் பொட்டு, இன்னும் அங்கேயே இருக்கிறது.