தடைக்காலத்துலதான் நான் வழுக்குனேன்

நான் பாம்பன், விசைப்படகுல போறவன். குடிய விட்டு ஏழு மாசம் நல்லா இருந்தேன், போன வருசம் ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் (விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாத நாளு) ஆரம்பிச்சதும் 61 நாளும் கரையில சும்மா உக்காந்து, ராத்திரி தூக்கம் வராம, வீட்டுல கடன் சண்டை வேற, இனி நமக்கு ஒன்னும் ஆகாதுன்னு குடிக்காம இருக்கக் குடுத்த மாத்திரையையும் நானா நிறுத்திட்டேன், ஒரு நாள் கூட்டாளி ஒருத்தன் "ஒரு கட்டிங் தானடா"ன்னான், அவ்வளவுதான், ஒரே வாரத்துல பழைய அளவுக்குப் போயிடுச்சு.

இந்த வருசம் தடைக்கு முன்னாடியே டாக்டரைப் பாத்துட்டேன். படகுல எனக்கு வர்ற பங்குக்காசு நேரா வீட்டுக்காரி கையில. சாயங்காலம் ஆறு மணிதான் எனக்கு மோசமான நேரம், அப்ப மச்சான் வீட்டுத் திண்ணையில கிழிஞ்ச வலையைச் சரிபண்ண உக்காந்துருவேன், வயித்தைக் காயப்போடுறதே இல்ல (பசிச்சா நெனப்பு அங்கதான் ஓடும்). குடிக்கணும்னு தோணுறப்ப அரைமணி நேரம் தள்ளுனா தானா இறங்கிடுது. ஜூன் 14 தடை முடிஞ்சு திரும்ப கடலுக்குப் போயிட்டேன்.