சில்லிக்குத் தக்காளி கடைசியில்தான்

வீட்டில் சைவ சில்லி (ராஜ்மா, தக்காளி, காய்கறிகளை மிளகாய்க் காரத்தோடு கொதிக்கவைக்கும் கெட்டிக் குழம்பு) செய்யும்போது, ராஜ்மா விரலால் நசுக்கினால் மசியும் பதத்துக்கு வெந்த பிறகே தோட்டத்துத் தக்காளியைச் சேருங்கள். தக்காளியின் புளிப்பு, ராஜ்மாவின் செல் சுவரிலுள்ள பெக்டின் என்ற பசை போன்ற பொருளைக் கரையவிடாமல் இறுக்கிவிடும். முதலிலேயே போட்டுவிட்டால் ராஜ்மா மசிய ரொம்ப நேரம் பிடிக்கும், நறுக்நறுக்கென்றே நின்றுவிடவும் கூடும். எலுமிச்சைச் சாறு, வினிகருக்கும் இதே கதைதான். கேரட், குடைமிளகாயில் இந்தத் தொல்லை இல்லை, முன்னதாகவே போடலாம். சுக்கினி (வெள்ளரி போலிருக்கும் காய்) மட்டும் கடைசி 10 நிமிடம். இல்லையென்றால் கரைந்து காணாமல் போய்விடும்.

டின்னில் வரும் வெந்த பீன்ஸ் என்றால் இதெல்லாம் தேவையில்லை, தக்காளியோடு சேர்த்தே கொதிக்கவிடலாம். ரொம்ப நாள் கிடந்த பழைய ராஜ்மாவுக்கும் இந்த உத்தி பெரிதாக உதவாது. அது எப்படியும் சரியாக வேகாது.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: ராஜ்மா ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிடுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மாவிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும்.