நினைவை நம்பி எழுதிய வரி: பத்தி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பு வெள்ளவத்தையில் மாதம் ஒருமுறை கூடுகிற இளம் எழுத்தாளர்களின் சிறு வட்டமொன்றில், அவர்கள் எழுதும் பத்திரிகைப் பத்திகளை வாசித்துக் கருத்துச் சொல்லும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. இந்த வாரம் ஒரு புத்தகம், அடுத்த வாரம் அரசியல், அதற்கடுத்த வாரம் விஞ்ஞானம், இடையிடையே வீட்டிலும் தெருவிலும் கண்டது என்று மாறி மாறி எழுதுகிற இந்த வடிவத்தில் நானும் 25 ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கிறேன். சென்ற கூட்டத்தில் ஒரு மாணவி வாசித்த பத்தி நடையிலும் உணர்விலும் மிக நன்றாக இருந்தது. ஆனால், அதன் நடுவே, 1983 ஜூலைக் கலவரத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது. நூலகம் எரிக்கப்பட்டது 1981 மே 31 இரவுக்கும் ஜூன் 1 அதிகாலைக்கும் இடையில். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகி இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே 1983 ஜூலை வந்தது. இதைச் சொன்னபோது அவர், "எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே சேர், அதனால நான் எடுத்துப் பாக்கேல்ல" என்றார்.

அந்தப் பதில் எனக்கு மிகவும் பழக்கமானது. 2003 ஆம் ஆண்டு நானும் அதே பதிலைத்தான் சொன்னேன். ஆகவே ஒற்றுப்பிழை, நீண்ட வாக்கியம், தலைப்புப் பொருந்தாமை போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை ஒப்புநோக்குபவர் திருத்திவிடுவார். அவருடைய கண்ணுக்கும் தப்பிவிடுகிற தவறுகளைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

"நாம் அனைவரும் அறிந்ததே"

2003 ஒக்டோபரில், இந்திய வம்சாவளி மக்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 35 ஆம் இலக்கச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேளையில், அதை வரவேற்று ஒரு பத்தி எழுதினேன். இரவில் எழுதி, விடிவதற்குள் அனுப்ப வேண்டியிருந்தது. அதில், "1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் மூலம் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டது என்பது நாம் அனைவரும் அறிந்ததே" என்று எழுதிவிட்டேன். அந்த வரியை எழுதும்போது என் பேனா ஒரு கணமும் தயங்கவில்லை. சரியான விபரங்களைக் கொண்ட நூல் என் மேசைக்கு மேலிருந்த தட்டிலேயே இருந்தது. எழுந்து கையை நீட்டினால் பத்து நிமிடத்தில் பார்த்திருக்கலாம்.

பத்தி வெளியான அடுத்த வாரம், கொட்டாஞ்சேனையில் வசித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, படித்து, ஆசிரியராகிக் கொழும்புக்கு வந்தவர். தேநீர் வேண்டாமென்று சொல்லிவிட்டு, கையிலிருந்த பொலித்தீன் உறையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். மடிப்புகள் கிழிந்து, பின்புறம் ஒட்டுநாடா ஒட்டப்பட்டு, அந்த நாடாவும் மஞ்சளாகிப் போயிருந்தது. அவருடைய தகப்பனார் பிரஜாவுரிமை கேட்டு அனுப்பிய விண்ணப்பத்துக்கு வந்த பதில் அது. இந்நாட்டில் தொடர்ச்சியாக வசித்ததற்கான ஆதாரம் போதாது என்று நிராகரித்திருந்தார்கள். மாஸ்டர் தாளின் மேல் மூலையில் விரலை வைத்தார். "திகதியைப் பாருங்க தம்பி. 1956. 64 இல எங்ககிட்ட இருந்து பறிக்கிறதுக்கு என்ன இருந்துச்சு?" என்று கேட்டார்.

நான் ஒரு வருடத்தைத்தானே மாற்றி எழுதினேன் என்று அன்று எனக்கே சொல்லிக்கொள்ள முயன்றேன். ஆனால் அந்த மாற்றம் எதையெல்லாம் இல்லாமற் செய்தது என்பதைச் சொன்னால்தான் இந்தத் தவற்றின் பாரம் விளங்கும். மலையக மக்கள் நாடற்றவர்களானது சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில், 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால். இந்நாட்டில் பிறந்திருந்தாலும் போதாது, தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்று அச்சட்டம் கேட்டது; பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத, தோட்டத் தொழிலாளரின் லயன் அறைகளில் வாழ்ந்தவர்கள் அதற்குச் சான்று காட்ட வழியே இருக்கவில்லை. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வழி திறந்தது. ஆனால் மணமானவர்கள் ஏழு ஆண்டுகளும் மற்றவர்கள் பத்து ஆண்டுகளும் தொடர்ந்து வசித்ததை நிறுவ வேண்டியிருந்தது, பெரும்பாலான விண்ணப்பங்கள் மாஸ்டரின் தகப்பனாருடையதைப் போலவே திரும்பி வந்தன. அதே 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. ஜி.ஜி. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸிலிருந்து எஸ்.ஜே.வி. செல்வநாயகம் பிரிந்து, அவ்வாண்டு டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இந்தப் பிரச்சினை ஒரு முக்கிய காரணம்.

1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி இலங்கை, இந்தியப் பிரதமர்களிடையே கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், ஏற்கெனவே நாடற்றிருந்த 9,75,000 பேரைப் பங்கிட்ட ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று அதில் முடிவாயிற்று; அந்த மீதியையும் 1974 இல் 75,000 வீதம் இரண்டாகப் பிரித்தார்கள். மாஸ்டரின் அண்ணன் குடும்பம் இந்தியப் பங்கில் போயிற்று. மலையகத்திலிருந்து அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலை அங்குள்ளவர்கள் ஒப்பாரிக் கோச்சி என்று சொல்வார்கள். தலைமன்னாரிலிருந்து கப்பல், இராமேஸ்வரத்தில் இறக்கம், பிறகு மண்டபம் முகாம்.

நான் எழுதிய ஒரு வரி, 1948 முதல் 1964 வரையான பதினாறு ஆண்டுகளை அழித்துவிட்டது. சட்டத்தைக் கொண்டுவந்தவர்களைப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிட்டது. அந்தச் சமயத்தில் வடக்குத் தலைமைகள் எங்கே நின்றன என்ற கேள்வியையும் மூடிவிட்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் எழுதுகிற நான், அந்தக் கேள்வியை மூடியிருக்கவே கூடாது.

திருத்தத்தை உடனே அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து, உட்பக்கமொன்றின் அடியில் மூன்று வரியாக வந்தது. அதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் பத்தி பயணம் செய்துகொண்டே இருந்தது. இரண்டு ஆண்டுகளின் பின் ஓர் அமைப்பின் சிறப்பு மலரில் என்னிடம் கேளாமலே அதை மறுபிரசுரம் செய்திருந்தார்கள், பிழையோடு. பின்னர் உயர்தர மாணவர்களுக்கான வகுப்புக் குறிப்பொன்றில் அந்த வரி என் பெயரில்லாமல் வந்திருந்ததைக் கண்டேன். அந்தக் குறிப்பை மனனம் செய்து பரீட்சை எழுதிய பிள்ளைகளை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் கொதிக்கிறது.

ஆகவே புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான். "நாம் அனைவரும் அறிந்தபடி", "சொல்லத் தேவையில்லை", "யாவரும் அறிந்த வரலாறு" என்ற சொற்கள் உங்கள் பேனாவில் வந்தால் அந்த இடத்தில் எழுத்தை நிறுத்துங்கள். சரிபார்க்காத இடத்தில்தான் அந்தச் சொற்கள் வருகின்றன; சரிபார்த்தவர் திகதியையும் இலக்கத்தையும் எழுதிவிடுவார், அவருக்கு வாசகரின் ஒப்புதல் தேவைப்படாது. எத்தனை ஆண்டு எழுதினாலும் இந்தப் பழக்கம் தானாக நீங்குவதில்லை. அனுபவம் கூடக்கூட நினைவின்மேல் நம்பிக்கையும் கூடுவதால், மூத்தவர்களிடம் அது மேலும் வலுக்கிறது. கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் வெள்ளவத்தையிலேயே இருக்கிறது. வீட்டைவிட்டு வெளியே போக முடியாதவர்களுக்கு, பழைய ஈழத்துப் பத்திரிகைகளையும் நூல்களையும் எண்ணிமப்படுத்தி வைத்திருக்கும் 'நூலகம்' என்ற இணையத்தளம் நள்ளிரவிலும் திறந்திருக்கிறது.

விஞ்ஞானத்தை வியப்பாக மட்டும் எழுதுவது

1956 முதல் 2008 இல் இறக்கும்வரை இந்நாட்டில் வாழ்ந்த விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கைப் பற்றி எழுதும்போது, "செய்மதியைக் கண்டுபிடித்தவர்" என்று எழுதிவிடுகிறார்கள். அவர் 1945 ஒக்டோபரில் ஒரு சஞ்சிகையில் எழுதியது வேறு. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் பொருள், பூமி தன்னைத்தானே சுற்றும் அதே நேரத்தில் ஒரு சுற்றை முடிப்பதால் நமக்கு அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். அப்படி மூன்றை நிறுத்தினால் உலகெங்கும் ஒலிபரப்பை அஞ்சல் செய்யலாம் என்பதே அவருடைய யோசனை. அந்தப் பாதையைப் பற்றிப் பொறியியலாளர் ஹேர்மன் பொட்டோச்னிக் 1928 இலேயே எழுதியிருந்தார். கிளார்க்கின் பங்கைச் சரியாகச் சொன்னால் அது சிறுத்துவிடாது, இன்னும் தெளிவாகும். வாசகரை மொட்டைமாடிக்கு அழைத்துப்போய், கொழும்பில் ஒரு டிஷ் அன்டெனா உச்சியை நோக்கி நன்றாக நிமிர்ந்திருக்க முடிவதையும், இலண்டனில் அத்தகைய செய்மதி எதுவும் அடிவானத்துக்கும் உச்சிக்கும் இடையிலான உயரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக்கு மேல் ஏறாததையும் காட்டினால், அந்த யோசனை அவர் கண்முன்னே நிற்கும்.

முடிக்காத புத்தகம்

வாசித்து முடிக்கவில்லை என்றால் அதைப் பற்றி எழுதாதீர்கள்.

அயலாரை எழுதுவது

2022 இல் எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்களைப் பற்றி எழுதியபோது, எங்கள் தொடர்மாடியில் வசித்த ஓர் அக்காவின் சிக்கனத்தை, மெச்சுகிறேன் என்று எண்ணி, விபரமாக எழுதினேன். பெயரை மாற்றியிருந்தேன். ஆனால் அவர் வாசலில் பால்மா டின்னில் வைத்திருந்த கறிவேப்பிலைக் கன்றை அப்படியே எழுதியிருந்தேன். அந்த மாடியில் அப்படியொரு கன்று ஒன்றுதான் இருந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை; வருடாவருடம் பொங்கலன்று எங்கள் வீட்டுக்கு வரும் தட்டு அடுத்த ஜனவரியில் வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன், அவரும் சிரித்தார், ஆனால் தட்டு இன்றுவரை வரவில்லை. வறுமை, நோய், கடன் இவற்றில் எதை எழுதினாலும் உரியவரிடம் முதலில் வாசித்துக் காட்டிவிடுங்கள்.

அரசியல் எதிர்வுகூறல்

அச்சேறுவதற்குள் பொய்த்துவிடும்.

நேரமில்லை என்பது

மாணவி கடைசியாகக் கேட்டது இதைத்தான்: அனுப்ப வேண்டிய இரவில் சரிபார்க்க நேரமில்லாவிட்டால் என்ன செய்வது? அந்த வரியை எடுத்துவிட வேண்டும். அதில் தங்கியிருக்கும் அடுத்த இரண்டு வரிகளும் போகுமென்றால் அவற்றையும் எடுத்துவிட வேண்டும். பத்தி ஏழெட்டு வரி குறைந்து போனதற்காக இத்தனை ஆண்டுகளில் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் என்னிடம் கேள்வி கேட்டதில்லை.