மாரிக்கு முன் வளவு வேலை

புரட்டாசியில் வளவுக்குள் முதலில் போடவேண்டியது பனம்பாத்தி, அதாவது பனங்கிழங்குக்காகப் பனம்விதை பதிக்கும் பாத்தி. பழம் விழுந்து விதை கையிலிருக்கும் காலம் இதுதான். மற்ற வேலைகள் ஒரு கிழமை பிந்தினாலும் பரவாயில்லை.

வெள்ளம் நிற்காத மேட்டுப்பக்கமாக இடம் பாருங்கள். கிழங்கு ஒன்றரை அடிவரை கீழே இறங்கும். மண் இறுக்கமென்றால் கோணிக் கட்டையாகிவிடும். அதனால் நிலத்தைக் கொத்திக் கல்லும் வேரும் பொறுக்கி, மேலே மணல் கலந்த மண்ணை 2 அடிக்குக் குவித்து மட்டமாக்குங்கள். அகலம் 4 அடி போதும். ஓரம் சரியாமல் பனைமட்டையால் அணை கொடுக்கலாம்.

பனாட்டுக்கு (காயவைத்த பனங்களி) களி பிழிந்த விதையும் நன்றாக முளைக்கும். தூக்கினால் இலேசாக இருப்பதையும் வண்டு துளைத்ததையும் கழித்துவிட்டு, மிச்சத்தை ஒன்றோடொன்று முட்ட ஒரே அடுக்காகப் பரப்புங்கள். இடம் காணாதென்று இரண்டு அடுக்குப் போட்டால் கிழங்கு நெருக்குப்பட்டு மெலியும். மேலே 3 அங்குல மண், அதன்மேல் காவோலை அல்லது சருகு. மழை பிந்தினால் தண்ணீர் தெளிக்கவேண்டும். ஆனால் நீர் கட்டினால் முளை அழுகும். சுற்றிவர வாய்க்கால் கட்டாயம்.

தையில் ஓரத்துக் கிழங்கு ஒன்றைக் கிண்டி முறித்துப் பாருங்கள். சட்டென்று முறிந்தால் பதம். தும்பு இழுபட்டால் பிந்திவிட்டீர்கள். மேலிருந்து இழுத்தால் நுனி முறிந்து மண்ணுக்குள் நின்றுவிடும். பாத்தியின் ஒரு தலைப்பில் கிடங்கு வெட்டி, மண்ணைப் பக்கவாட்டில் சரித்துச் சரித்து எடுப்பதே சரி. கிழங்கு எடுத்தபின் மிஞ்சும் விதைக்கூடான ஊமலைக் காயவையுங்கள், அடுப்புக்கு அருமையானது.

வேலிக்குக் கதியால் (துளிர்த்து மரமாகும் தடி) போடுவதானால் முதல் மழைக்கு மண் இளகும்வரை பொறுங்கள். கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை எதுவானாலும் 5, 6 அடித் தடியாக வெட்டி, அடியைச் சரிவாகச் சீவி, மேல்நுனி காயாமல் சாணி அப்புங்கள். தடியை அப்படியே குத்தி இறக்கினால் பட்டை உரிந்து, வேர் விடாமல் பட்டுப்போகும். அலவாங்கால் (கடப்பாரை) ஒரு அடிக்குத் துளையிட்டு, தடியை இறக்கி, மண்ணைக் காலால் மிதித்து இறுக்குங்கள்.

முருங்கையை 4 அடியில் தறித்துவிடுங்கள். மாரிக் காற்றுக்குக் கிளை நிற்காது.

ஆண்டு முழுதும் ஓடும் ஆறு யாழ்ப்பாணத்தில் இல்லை, கிணற்றுக்கு ஊறுவது இந்த மழைதான். கூரைத் தண்ணீரை ஒழுங்கைக்கு விடாமல், மலக்குழிக்குத் தூரமாகக் கிடங்கு வெட்டி வளவுக்குள்ளேயே தாழவிடுங்கள். தண்ணீர் ஓரிரு நாளில் வற்றவேண்டும். தேங்கினால் நுளம்பு பெருகும். சிரட்டை, இளநீர்க் கோம்பை, பழைய ரயர் எல்லாவற்றையும் மழைக்கு முன்னரே பொறுக்கி அகற்றிவிடுங்கள்.