வீட்டுக் கணினியில் ஒரு குதூகலமான ஹவுஸ் பாட்டு: கிக்கும் பேஸும் மோதாமல் இருக்க

சென்ற மார்கழியில், கேட்டதும் ஆடத் தோன்றுகிற, வாயில் முணுமுணுக்கவும் வருகிற ஆறு ஹவுஸ் (மின்னணு நடன இசை) பாடல்கள் கொண்ட ஓர் இசைத்தொகுப்பை மயிலாப்பூர் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம் என்று தொடங்கினேன். முதல் பாடலின் நான்காவது படியிலேயே மூன்று வாரங்கள் சிக்கிக் கிடந்தேன். ஆகவே அந்தப் படியை விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன். மென்பொருளை நிறுவுவதும் தடங்களைச் சேர்ப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

இசையைப் பதிந்து கோக்கும் மென்பொருளில் என் தேர்வு ரீப்பர். 60 நாட்கள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்பதால், திருட்டுப் பிரதியைத் தேடி அலைய வேண்டியதில்லை. மின்னணு ஒலிகளை உருவாக்கும் சிந்தசைசருக்கு இலவசமான சர்ஜ் எக்ஸ்டி போதும். ரிச்சி தெருவில் ஹெட்போன் வாங்கும்போது, பேஸ், அதாவது கீழ்நாதம், அதிகம் என்று கடைக்காரர் எதைப் புகழ்கிறாரோ அதைத் தவிர்த்துவிடுங்கள். இல்லாத பேஸை இருப்பதாகக் காட்டும் கருவியை வைத்துக்கொண்டு பாடலைச் சமன்படுத்த முடியாது.

படி 1: தாளம். 1980களின் தொடக்கத்தில் சிகாகோவில் பிறந்த இந்த இசையின் உயிர், நான்கு அடியிலும் தவறாமல் விழும் கிக்கில், அதாவது பெரிய டிரம்மின் குத்தில், இருக்கிறது. வேகத்தை நிமிடத்துக்கு 124 அடியாக வையுங்கள். இரண்டாம், நான்காம் அடிகளில் கைத்தட்டலையும், ஒவ்வோர் அடிக்கும் நடுவே, அதாவது அரை இடத்தில், திறந்த ஹைஹாட்டையும் (உலோகத் தட்டுகளின் ‘த்ஸ்’ ஒலி) போடுங்கள். ஆதி தாளம் போடத் தெரிந்தவர்களுக்கு இது எளிது. எட்டு அட்சரம் முடியும்போது இரண்டு பார் (நான்கு அடி ஒரு பார்) முடிந்திருக்கும். ஒலிகளுக்கு, 1983இல் வெளிவந்த ரோலண்ட் டிஆர்-909 தாளக் கருவியின் ஒலி மாதிரிகளையே தேர்ந்தெடுங்கள். நான் வேறு எதையெதையோ முயன்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

படி 2: குறும்பு. மெரினாவில் கேட்கும் ‘தேங்கா, மாங்கா, பட்டாணி சுண்டல்’ என்ற கூவலை என் அத்தை மகனைக் கூவச் சொல்லி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைபேசியிலேயே பதிவு செய்தேன். அதைச் சொல் சொல்லாக வெட்டி, சுருதியை ஐந்து அரைச்சுரம் உயர்த்தியபோது பொம்மை பாடுவதுபோல் ஆகிவிட்டது. இந்தத் துணுக்கு சீக்கிரம் வந்துவிட வேண்டும். 124 வேகத்தில் 16 பார் ஓட ஏறக்குறைய 31 நொடி ஆகும். அதற்குள் வராவிட்டால் கேட்பவர் அடுத்த பாடலுக்குப் போய்விடுவார்.

படி 3: பேஸ். கிக் விழாத இடங்களில் குதிக்கும் சிறு சிறு சுரங்களாக அமையுங்கள். வேறொன்றும் இல்லை.

படி 4: சைடுசெயின். ஓர் ஒலி வரும்போது இன்னொன்றைத் தானாகத் தணிய வைப்பதுதான் இது. ஆறு கட்டையில் மிகக் கீழ்ச் சட்ஜமாக நான் வைத்த பேஸ் 55 ஹெர்ட்ஸில் ஒலித்தது. கிக்கின் அடிநாதமும் ஏறத்தாழ அங்கேயே இருந்தது. இரண்டும் சேர்ந்தபோது, மூடிய அண்டாவுக்குள் யாரோ குத்துவதுபோல் கேட்டது. மாடவீதியில் தேர் வரும்போது நடைபாதைக் கடைக்காரர் தன் தட்டியை உள்ளே இழுத்துக்கொண்டு, தேர் போனதும் மறுபடி விரிப்பதைப்போல, கிக் விழும் கணத்தில் பேஸ் ஒதுங்கித் திரும்ப வேண்டும்.

பேஸ் தடத்தில் ரீப்பரோடு வரும் ரியாகாம்ப்பை (ஒலி அளவை அமுக்கும் கருவி) சேர்த்துவிட்டு, கிக் தடத்திலிருந்து பேஸ் தடத்துக்கு ஒரு சென்ட் (ஒலியின் நகலை அனுப்பும் இணைப்பு) கொடுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். அந்த சென்ட் இயல்பாக 1/2 வழித்தடங்களுக்குப் போகிறது. அப்படியே விட்டால் கிக் பேஸோடு கலந்து இருமுறை ஒலிக்குமே தவிர, பேஸ் சரியாக ஒதுங்காது. சேருமிடத்தை 3/4 என்று மாற்றுங்கள். பிறகு ரியாகாம்ப்பில் டிடெக்டர் இன்புட் (எந்த ஒலியைக் கேட்டு அமுக்க வேண்டும் என்பது) என்ற இடத்தில் ஆக்ஸிலியரி இன்புட்டைத் தேர்ந்தெடுங்கள். இவற்றில் ஒன்றை மாற்றி மற்றதை மறந்தாலும் பயனில்லை. நான் இரண்டாவதை மறந்துவிட்டு, மென்பொருளில்தான் பழுது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ரேஷியோவை (அமுக்கும் விகிதம்) 4 ஆகவும், அட்டாக்கை (அமுக்க எடுக்கும் நேரம்) 1 மில்லிநொடியாகவும், ரிலீஸை (விடுவிக்க எடுக்கும் நேரம்) 180 மில்லிநொடியாகவும் வைத்து, பேஸ் ஆறு டெசிபல் அளவுக்குத் தணியும்வரை திரெஷோல்டை (அமுக்கம் தொடங்கும் ஒலி அளவு) குறையுங்கள். இரண்டு கிக்குகளுக்கு இடையே 484 மில்லிநொடிதான் உண்டு என்பதால், ரிலீஸை மிகவும் நீட்டினால் பேஸ் தலைதூக்குவதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும்.

பிற்சேர்க்கை: கிக் இல்லாத இடைப்பகுதியில் பேஸின் அந்த ஏற்ற இறக்கம் நின்றுவிடுகிறது என்று இதைப் படித்த இருவர் எழுதியிருந்தார்கள். கிக் தடத்தின் நகல் ஒன்றை உருவாக்கி, பாடல் முழுவதும் அதில் கிக் ஓடவிட்டு, சென்ட்டை அதிலிருந்து கொடுங்கள். அந்த நகலை மியூட் செய்தால் சென்ட்டும் சேர்ந்து ஊமையாகிவிடும். அதற்குப் பதிலாக அதன் மாஸ்டர் சென்ட் (இறுதிக் கலவைக்குப் போகும் இணைப்பு) குறியை மட்டும் நீக்குங்கள்.

கைபேசியில் பேஸே கேட்கவில்லை என்றார் மற்றொருவர். அந்தச் சிறு ஒலிபெருக்கியால் 55 ஹெர்ட்ஸை எழுப்ப இயலாது. பேஸில் சிறிது சாச்சுரேஷன் (ஒலியின் மெல்லிய சிதைவு) சேர்த்தால் மேல் ஸ்தாயிகளிலும் அதன் சாயல் பிறக்கும்; அதைக் காது பிடித்துக்கொள்ளும். அவர் அப்படிச் செய்து அனுப்பிய பாடலில் பேஸ் கேட்டது, ஆனால் சுண்டல் கூவல் அமுங்கியிருந்தது. கூவலின் தடத்தை இரண்டு டெசிபல் ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.