மாற்று எஞ்சின் பொருத்திய எம்ஜிபி காரில் இக்னிஷன் டைமிங் வைப்பது எப்படி

1962இல் அறிமுகமாகி 1980 வரை தயாரிக்கப்பட்ட எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில், முதலில் வந்த எஞ்சினுடனேயே இன்றும் ஓடுபவை குறைவு. மூன்று பேரிங் கொண்ட தொடக்க கால எஞ்சினுக்குப் பதிலாக ஐந்து பேரிங் கொண்ட 18ஜிபி வகையோ, 1970களில் வந்த 18வி வகையோ பலவற்றில் உட்கார்ந்திருக்கும். எல்லாமே 1798 சிசி பி-சீரிஸ் எஞ்சின்கள் என்பதால் மாற்றுவது எளிது. ஆனால் காரின் கையேட்டைத் திறந்து, அதிலுள்ள டைமிங் எண்ணை (பிஸ்டன் உச்சத்தை எட்டுவதற்கு எத்தனை டிகிரி முன்பு பிளக்கில் தீப்பொறி வர வேண்டும் என்பதை) அப்படியே புதிய எஞ்சினுக்கு வைப்பது தவறு. அந்த எண் காருக்கு உரியதன்று, குறிப்பிட்ட எஞ்சினும், பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரத்தைப் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் சேர்ந்த ஒரு தொகுப்புக்கு உரியது.

ஆகவே கையில் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் எஞ்சின் எண் தகட்டையும், டிஸ்ட்ரிபியூட்டர் உடலில் பொறித்துள்ள ஐந்து இலக்க லூகாஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் எண்ணில் வரும் ஹெச், எல் என்ற எழுத்துகள் கம்பிரஷன் உயர்ந்ததா (8.8:1), தாழ்ந்ததா (8.0:1) என்பதைக் காட்டும். ஆனால் இடையில் யாரேனும் பிஸ்டனையோ ஹெட்டையோ மாற்றியிருந்தால் இந்த எழுத்தும் உண்மை சொல்லாது என்பதால், எஞ்சினைக் கட்டியவரிடம் கேட்டு உறுதிசெய்வது நல்லது.

அடுத்தது, என் கருத்தில் இந்த வேலையிலேயே மிக முக்கியமானது: கிராங்கின் முன்முனைப் புல்லியிலுள்ள வெட்டுக்குறி உண்மையிலேயே முதல் பிஸ்டனின் உச்ச நிலையைக் காட்டுகிறதா என்று நிரூபிப்பது. பழைய எஞ்சின்களில் டைமிங் செயினை மூடும் கவரிலுள்ள, டிகிரி காட்டும் முள்கள் புல்லிக்குக் கீழ்ப்புறமும், பிற்கால 18வி எஞ்சின்களில் மேற்புறமும் இருக்கும். ஒரு காலத்துக் கவரையும் வேறொரு காலத்துப் புல்லியையும் சேர்த்துப் பூட்டியிருந்தால் குறி எங்கோ போய் நிற்கும். ரப்பர் இடையிட்ட புல்லிகளில், ரப்பர் வயதாகி வெளிவளையம் நழுவியிருப்பதும் உண்டு. பிளக் துளையில் ஸ்க்ரூடிரைவரை விட்டு, அது மேலேறி நிற்கும் இடத்தை உச்சம் என்று கொள்வதும் போதாது. உச்சத்தின் அருகே கிராங்க் 5 டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் கால் மில்லிமீட்டர்கூட நகராது. அந்த அளவைக் கண்ணும் கையும் உணர முடியாது.

இதற்குச் சரியான கருவி பிஸ்டன் ஸ்டாப். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை நீக்கி, முனை மழுங்கிய போல்ட்டை அதில் பொருத்தி நீங்களே செய்துகொள்ளலாம். பேட்டரி இணைப்பைக் கழற்றி, நான்கு பிளக்குகளையும் எடுத்துவிட்டு, ரேடியேட்டர் பக்கத்திலுள்ள முதல் சிலிண்டரில் ஸ்டாப்பைப் பொருத்துங்கள். பிறகு கிராங்க் நட்டைக் கையால் மெல்லத் திருப்பி, பிஸ்டன் ஸ்டாப்பில் தட்டும் இடத்தில், உச்ச நிலைக்குரிய முள்ளுக்கு நேராகப் புல்லியில் ஒரு கோடு போடுங்கள். எதிர்த் திசையில் திருப்பி, மறுபடி தட்டும் இடத்தில் அதே முள்ளுக்கு நேராக இன்னொரு கோடு போடுங்கள். இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட குறுகிய பக்கத்தின் நடுப்புள்ளிதான் உண்மையான உச்சம். ஸ்டார்ட்டரை எக்காரணம் கொண்டும் பயன்படுத்த வேண்டாம், பிஸ்டன் சேதமாகும்.

பழைய குறி இந்த நடுப்புள்ளியோடு ஒத்துப்போனால் நல்லது. இல்லையென்றால் வெள்ளைப் பெயின்ட்டால் புதிய குறி வையுங்கள். டிகிரிகளைப் புல்லியின் சுற்றளவிலிருந்து கணக்கிடலாம்: விட்டம் 130 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு ஏறத்தாழ 408, ஆகவே 10 டிகிரிக்கு 11.3 மில்லிமீட்டர்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடித் தீப்பொறியை உண்டாக்கும் பாயிண்டின் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் ஃபீலர் கேஜால் வைத்த பிறகே டைமிங்கைத் தொட வேண்டும். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். பேட்டரி முனைகளையும் கவனியுங்கள். 1967 வரையிலான எம்ஜிபியில் பேட்டரியின் நேர்முனை பாடியோடு இணைந்திருக்கும். மாற்று எஞ்சினோடு வந்த டிஸ்ட்ரிபியூட்டருக்குள், எதிர்முனை பாடியோடு இணையும் கார்களுக்கான எலக்ட்ரானிக் மாட்யூல் இருந்தால், அப்படிப்பட்ட பழைய காரில் இணைத்த உடனேயே அது கெட்டுவிடக்கூடும்.

இப்போது கம்பிரஷன் ஸ்ட்ரோக்கைக் கண்டறிய வேண்டும். ராக்கர் கவரைத் திறந்து பார்த்தால், நான்காம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு மூடி இன்லெட் திறக்கத் தொடங்கும் நேரத்தில் முதல் சிலிண்டர் கம்பிரஷனின் உச்சத்தில் இருக்கும். அந்நிலையில் ரோட்டார் எந்த முனையை நோக்குகிறதோ அதுவே முதல் பிளக் ஒயரின் இடம். எஞ்சினைக் கட்டியவர் டிஸ்ட்ரிபியூட்டரை இயக்கும் தண்டை வேறு பல்லில் போட்டிருக்கலாம் என்பதால், பழைய ஒயர்கள் இருந்த இடத்தை நம்பாமல், ரோட்டாரை நம்புங்கள். அங்கிருந்து எதிர்க்கடிகாரத் திசையில் 1-3-4-2 என்று ஒயர்களைச் செருகுங்கள்.

உயர் கம்பிரஷன் கொண்ட 18ஜிபி எஞ்சினுக்கு நிலை டைமிங் (எஞ்சின் ஓடாதபோது வைக்கும் அளவு) உச்சத்துக்கு 10 டிகிரி முன்பு. தாழ் கம்பிரஷனுக்கு 8 டிகிரி. கிராங்கை முன்பக்கத்திலிருந்து பார்க்கக் கடிகாரத் திசையில் மட்டுமே திருப்பி அந்தக் குறிக்கு வாருங்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னுக்குப் போய் மீண்டும் வர வேண்டும். இல்லையெனில் செயினிலும் பல்சக்கரங்களிலும் உள்ள தளர்வு கணக்கைக் கெடுக்கும். பேட்டரியை இணைத்து, 12 வோல்ட் சோதனை விளக்கின் ஒரு முனையை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு முனையிலும் மற்றதைப் பாடியிலும் வைத்து, இக்னிஷனைப் போடுங்கள். கிளாம்பைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரை விளக்கு அணையும்வரை எதிர்க்கடிகாரத் திசையில் திருப்பி, பின்பு கடிகாரத் திசையில் மிக மெல்லத் திருப்பி, விளக்கு எரியத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி இறுக்குங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் இக்னிஷனை நெடுநேரம் போட்டுவைத்தால் காயில் சூடாகும் என்பதால் இதை விரைவாக முடித்துவிடுங்கள்.

எஞ்சினைக் கிளப்பிச் சூடேறவிட்ட பின், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு டைமிங் லைட்டால் சோதியுங்கள். லைட்டின் சிவப்பு ஒயர், எந்தக் காலத்துக் காராக இருந்தாலும், பேட்டரியின் நேர்முனைக்கே போக வேண்டும். 600 ஆர்பிஎம்மில் உயர் கம்பிரஷன் 18ஜிபிக்கு 14 டிகிரி, தாழ் கம்பிரஷனுக்கு 12 டிகிரி. ஃபேனுக்கு அருகே சட்டைக் கையும் லைட்டின் ஒயரும் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினும் டிஸ்ட்ரிபியூட்டரும் ஒன்றுக்கொன்று பொருந்தாதபோது ஐடிலில் (ஆக்சிலரேட்டரை அழுத்தாத வேகத்தில்) வைத்த எண் மட்டும் போதாது. வேகத்தை மெல்ல 4000 ஆர்பிஎம்வரை உயர்த்தி, குறி எவ்வளவு முன்னேறுகிறது என்று பாருங்கள். வேக்குவம் இல்லாமல் மொத்தம் 32 முதல் 34 டிகிரி என்பது இந்த எஞ்சினில் பலரும் ஏற்கும் அளவு. அதை மிஞ்சினால், ஐடில் எண் குறைந்தாலும் பரவாயில்லை, மொத்த அளவுக்கே முதலிடம் கொடுத்து, டிஸ்ட்ரிபியூட்டரைப் பின்னுக்கு, அதாவது தீப்பொறி தாமதமாகும் எதிர்க்கடிகாரத் திசையில் திருப்புங்கள். குறி தாவித் தாவிப் போனாலோ வேகம் குறைந்தும் திரும்பாவிட்டாலோ டிஸ்ட்ரிபியூட்டருக்குள், வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்னேற்றும் எடைகளின் ஸ்பிரிங் களைத்திருக்கிறது. ஒரே வேகத்திலும் குறி நடுங்கினால் டிஸ்ட்ரிபியூட்டர் புஷ்ஷையும் டைமிங் செயினையும் பாருங்கள்.

வேக்குவம் குழாயை மீண்டும் இணைத்து, காரைச் சாலையில் எடுத்துச் செல்லுங்கள். உயர் கியரில், குறைந்த வேகத்திலிருந்து மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது உலோகம் கலகலக்கும் ஓசை கேட்டால், அது நாக்கிங். உடனே காலை எடுத்து, ஒன்றிரண்டு டிகிரி பின்னுக்கு வையுங்கள். இன்றைய பெட்ரோல் இந்த எஞ்சின்கள் பிறந்த காலத்து ஈயம் கலந்த உயர் ஆக்டேன் பெட்ரோல் அன்று என்பதால், கையேட்டு எண்ணைவிடச் சற்றுப் பின்னால் நிற்க நேரிடலாம். 25டி4 என்ற லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் இதற்கெனவே ஒரு சிறு திருகு உண்டு. பிற்கால 45டி4 வகையில் அது இல்லாததால் கிளாம்பைத் தளர்த்தியே திருத்த வேண்டும்.

புதிய பாயிண்டாக இருந்தால், சில நூறு மைல் ஓடியதும் இடைவெளியை மறுபடி அளந்து பாருங்கள். பாயிண்டின் குதிகால் (சுழலும் கேமில் உரசும் பகுதி) தேயத் தேய இடைவெளி சுருங்கும், டைமிங் தானாகவே பின்வாங்கும். இறுதியில் நிலைத்த எண்ணை, எஞ்சின் எண்ணோடும் டிஸ்ட்ரிபியூட்டர் எண்ணோடும் சேர்த்து ஒரு அட்டையில் எழுதிக் கையேட்டின் அந்தப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.