முதுமாணிக்கு விண்ணப்பிக்க முன் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள்

வெளிநாட்டு முதுமாணிக்கு விண்ணப்பிக்க ஆயத்தமானபோது, கிளிநொச்சி அறிவியல் நகரில் என்னுடன் படித்த தோழி கேட்டாள்: "உன்ர பெயரைக் கூகிளில போட்டுப் பார்த்தனியா?" போட்டேன். ஒன்றுமில்லை. நிம்மதி. ஆனால் நான் போட்டது கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை மட்டும்தான்.

முதல் வேலை இதுதான். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று என்று எங்கள் பெயர்கள் ஆங்கிலத்தில் பல வேஷம் போடும். 'ழ'வுக்கு இசட்-எச் போட்டீர்களா, வெறும் எல் போட்டீர்களா? அப்பாவின் பெயர் முன்னாலா, பின்னாலா? எல்லாவற்றையும் தாளில் எழுதி, ஒவ்வொன்றாக மேற்கோள் குறிக்குள் இட்டு, இன்கொக்னிட்டோவில் (உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில்) தேடுங்கள். தமிழிலும் தேடுங்கள். எனக்கு ஆறாவது எழுத்துக்கூட்டலில் ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) காலத்துப் பேஸ்புக் கணக்கு அகப்பட்டது. ஒரு நடிகருக்காக ஊரையே திட்டியிருந்தேன்.

அழிக்கப் போனால், கடவுச்சொல் ஞாபகமில்லை. சிம் தொலைந்து கனகாலம். கணக்கைத் திறந்து தந்தது ஒரு கொமினிகேசன் கடை அண்ணா, அதுவும் தன்னுடைய மின்னஞ்சலைக் கொடுத்து! கடையும் இப்போது இல்லை. இரண்டு கிழமை விசாரித்து, வவுனியாவில் அவரைப் பிடித்தேன். அவரைப் போனில் வைத்துக்கொண்டே 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்பதை அழுத்தினேன். அவருக்கு வந்த குறியீட்டை அவர் வாசிக்க நான் தட்டினேன். உள்ளே போனதும் முதலில் உங்கள் மின்னஞ்சலைச் சேர்த்து உறுதிப்படுத்துங்கள். பழையதை அப்புறம் எடுக்கலாம்.

அழிக்கச் சொன்ன பிறகு 30 நாள் அந்தப் பக்கமே போகாதீர்கள். அதற்குள் மனம் மாறி உள்ளே போனால் கணக்கை மீட்டுவிடலாம். நிரந்தரமாக அழிவது அந்த 30 நாளுக்குப் பிறகுதான், ஆகவே கடைசி நேரத்துக்கு விடவேண்டாம்.

வைத்திருக்கும் கணக்கில், பழைய பொதுப் பதிவுகளை ஒரே தடவையில் நண்பர்களுக்கு மட்டும் ஆக்கும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. மற்றவர்கள் போட்ட படத்தில் டேக்கை எடுத்தாலும் படம் போகாது, போட்டவரிடம்தான் கேட்கவேண்டும். மே 18இல் முள்ளிவாய்க்கால் நினைவுக்கு விளக்கேற்றிய படத்தை நான் அழிக்கவில்லை. அது குப்பையில்லை.

எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வெறுமையாக நிற்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. லிங்க்ட்இன்னை விட எனக்குப் பிடித்தது ஓர்கிட் (ORCID). பூவில்லை, ஆய்வாளர்களுக்கான 16 இலக்க அடையாள எண். இலவசம். உங்கள் பெயரின் வேறு எழுத்துக்கூட்டல்களையும் அதில் சேர்த்துவைக்கலாம்.

பிற்சேர்க்கை: அழித்த பின்னும் கூகிளில் தெரிகிறதே என்று முல்லைத்தீவிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். பழைய தேடல் முடிவுகளைப் புதுப்பிக்கக் கேட்கும் பக்கம் கூகிளிலேயே உண்டு. அங்கே இணைப்பைக் கொடுங்கள். மூலப் பக்கம் உண்மையிலேயே போயிருக்கவேண்டும், அல்லது அந்த விபரமாவது அதிலிருந்து நீங்கியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஏற்கமாட்டார்கள்.